வரலாற்றுப் பாடநூலில் அரசின் கை, ராணுவத்தின் கை: எங்கே தேடுவது?

ஏட்டுச்சுவடி கேட்டது:

ஆட்சி மாறும்போது பள்ளி வரலாற்றுப் பாடநூலும் மாறுவதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும். தேடினால் கிடைப்பவை எல்லாம் 'அரசு தனக்கு வேண்டியதை எழுத வைத்தது' என்று ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. எனக்கு அதன் உள்வேலை தெரிய வேண்டும். ஒரு நூல் உருவாகி மாணவர் கைக்கு வரும் வழியில் எந்த இடத்தில் கை வைக்கிறார்கள்? கட்சி தலையிடுவதும் ராணுவம் தலையிடுவதும் ஒரே மாதிரிதானா? இரண்டு பதிப்புகளை எதிரெதிரே வைத்துப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும், எதில் ஏமாறுவோம்?

உள்ளூர் உதாரணங்கள் வேண்டாம். ஐந்தாவது பதிலுக்குள் அடிதடி ஆகிவிடும். வெளிநாடுகளில் நடந்து, ஆவணமும் உள்ளவை போதும்.

அச்சுக்கூடம் எழுதியது:

நூலாசிரியரிடமிருந்து தொடங்காதீர்கள். பெரும்பாலும் அவர் கையில் அதிகாரம் குறைவு. பாடத்திட்டம், எழுதுதல், ஒப்புதல், பள்ளிகள் நூலைத் தேர்ந்தெடுத்தல், கடைசியில் பொதுத்தேர்வு என்று ஐந்து இடங்கள் உண்டு. பூட்டு எந்த இடத்தில் தொங்குகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டில் அது எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள். இல்லாவிட்டால் தவறான கதவைத் தட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

ஜப்பானை எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அங்கே ஆவணம் நிறைய. தனியார் பதிப்பகங்கள் எழுதுகின்றன, கல்வி அமைச்சகம் சரிபார்க்கிறது, உள்ளூர்க் கல்வி வாரியங்கள் தேர்ந்தெடுக்கின்றன. சரிபார்ப்பில் 'இதை நீக்கு' என்று உத்தரவு வருவதைவிட, 'இவ்வாக்கியம் தவறான புரிதலுக்கு இடம் தரக்கூடும்' என்ற வகைக் கருத்து வருவதுதான் வழக்கம். எப்படி மாற்றுவது என்பதைப் பதிப்பகமே யோசித்துக்கொள்ள வேண்டும். ஒப்புதல் கிடைக்காவிட்டால் போட்ட முதல் முழுக்க நட்டம். அதனால் அடுத்த முறை அப்படி ஒரு கருத்தே வராதபடி முதல் வரைவிலேயே அடக்கி வாசிப்பார்கள். இந்த முன்கூட்டிய அடக்கம் எந்தக் கோப்பிலும் பதிவாவதில்லை. ஆய்வாளருக்குப் பெரிய தலைவலி அதுதான்.

வாக்கிய அளவில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு ஜப்பானின் தெற்கிலுள்ள ஒகினாவாத் தீவை விட நல்ல உதாரணம் இல்லை. 1945 போரின்போது அங்கே பொதுமக்கள் கூட்டம் கூட்டமாகத் தற்கொலை செய்துகொண்டார்கள். ஜப்பானிய ராணுவம் கட்டாயப்படுத்தியதைப் பாடநூல்கள் சொல்லிவந்தன. 2007 மார்ச்சில் வெளியான சரிபார்ப்பு முடிவில் அந்த ராணுவம் வாக்கியத்திலிருந்து காணாமல் போனது. மக்கள் தற்கொலைக்குத் தள்ளப்பட்டார்கள், ஆனால் தள்ளியவர் யார் என்று இல்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 29 அன்று ஒகினாவாவின் கினோவான் நகரில் கண்டனக் கூட்டம் கூடியது. 1,10,000 பேர் வந்ததாக அமைப்பாளர்கள் கணக்குச் சொன்னார்கள். டிசம்பரில் திருத்தம் அனுமதிக்கப்பட்டது. ராணுவத்தின் 'தொடர்பு' திரும்பி வந்தது. 'ராணுவம் கட்டாயப்படுத்தியது' என்ற நேரடி வாக்கியத்துக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. கட்டுரைக்கு இந்த மூன்று நிலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டாலே போதும், விளக்கவுரை தேவைப்படாது.

நீதிமன்றம் எவ்வளவு உதவும் என்று தெரிய வேண்டுமானால் தன் பாடநூலில் செய்யச் சொன்ன மாற்றங்களை எதிர்த்து வரலாற்றாசிரியர் இயெனாகா சபுரோ தொடுத்த வழக்குகளைப் பாருங்கள். 1965இல் முதல் வழக்கு, மொத்தம் மூன்று, கடைசித் தீர்ப்பு 1997இல். சரிபார்ப்பு முறை அரசியலமைப்புக்கு எதிரானதல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஜப்பானிய ராணுவத்தின் 731ஆம் படைப்பிரிவு போர்க்காலத்தில் மனிதர்கள் மீது நடத்திய பரிசோதனைகளைப் பற்றிய பகுதியை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. இழப்பீடு 4 லட்சம் யென். 32 ஆண்டு வழக்காடலுக்குக் கிடைத்த தொகை அது.

ஒரு எச்சரிக்கை. 1982இல், ஜப்பான் சீனாவுக்குள் நுழைந்ததைக் குறிக்கும் 'படையெடுப்பு' என்ற சொல்லை 'முன்னேற்றம்' (படை முன்னேறிச் செல்லுதல்) என்று மாற்றச் சொன்னதாகப் பெரும் சர்ச்சை எழுந்தது. அந்த ஆண்டின் குறிப்பிட்ட நூல் பற்றிய பத்திரிகைச் செய்தி பிழையானது. ஆனால் அதற்கு முன்பிருந்தே அமைச்சகம் அத்தகைய மாற்றங்களைப் பரிந்துரைத்து வந்தது உண்மை. இரண்டையும் சேர்த்து எழுதாவிட்டால், பாதி தெரிந்த ஒருவர் வந்து உங்கள் கட்டுரை முழுவதையும் பொய் என்று தள்ளிவிடுவார்.

புறவாயில் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு: இல்லை, ஒரே மாதிரி இல்லை. கட்சி இருக்கிற வரலாற்று நூலுக்குள் புகுந்து வரிகளை மாற்றும். ராணுவம் பெரும்பாலும் அதோடு நிற்பதில்லை. தனக்கென்று ஒரு வரலாற்று நிறுவனம், ஒரு பாடம், ஒரு சடங்கு நாள் மூன்றையும் கட்டிக்கொள்ளும். அதனால் வரலாற்றுப் பாடநூலை மட்டும் பிரித்துப் பார்ப்பவருக்கு ராணுவத்தின் கை பாதிதான் தெரியும்.

இந்தோனேசியா இதற்கு முழு வரைபடம். 1965 செப்டம்பர் 30 இரவு தொடங்கி மறுநாள் விடியலுக்குள் ஆறு ஜெனரல்களும் ஒரு லெப்டினன்ட்டும் கொல்லப்பட்டார்கள். பழியை ராணுவம் கம்யூனிஸ்ட் கட்சி மீது போட்டது. பின்னாலேயே அக்கட்சியினர் என்றும் ஆதரவாளர்கள் என்றும் சொல்லி நடந்த படுகொலைகளில் குறைந்தது 5 லட்சம் பேர் இறந்ததாகப் பரவலான மதிப்பீடு. பாடநூலில் முதல் நிகழ்ச்சி நுணுக்கமான விவரங்களோடு வரும். இரண்டாவது வராது, அல்லது 'கட்சி ஒழிக்கப்பட்டது' என்று ஒரு வரியில் கடந்துபோகும்.

இதைச் செய்தவர் படிக்காத தளபதி ஒருவரல்ல. நுக்ரோஹோ நோட்டோசுசாந்தோ இந்தோனேசியப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றாசிரியர், அதே சமயம் ஆயுதப்படைகளின் வரலாற்று மையத்தின் தலைவர். 1970களில் ஆறு தொகுதிகளாக வந்த தேசிய வரலாற்றின் பொறுப்பாசிரியர்களில் ஒருவர். சமகாலத்தைப் பேசும் ஆறாவது தொகுதி அவர் கையில். 1983இல் கல்வி அமைச்சராகவே ஆனார். 1984 பாடத்திட்டத்தில் 'தேசப் போராட்ட வரலாற்றுக் கல்வி' என்று வரலாற்றுக்குப் பக்கத்திலேயே தனிப்பாடம் ஒன்று சேர்ந்தது. அதே ஆண்டு அரசுத் திரைப்பட நிறுவனம் அந்த இரவைப் பற்றி எடுத்த நாலரை மணி நேரப் படம் வெளியானது. ஒவ்வொரு செப்டம்பர் 30 அன்றும் தொலைக்காட்சியில் ஓடியது. மாணவர்களைப் பள்ளிகளே பார்க்க வைத்தன. ராணுவத் தளபதியாக இருந்து அதிபரான சுகார்த்தோ 1998இல் பதவி விலகிய பிறகுதான் நின்றது.

ஆக, ராணுவ மையம் மூலநூலை எழுதுகிறது. அமைச்சகம் அதைப் பாடமாக்குகிறது. திரைப்படம் அதைக் கண்ணில் பதிக்கிறது. அந்தத் தலைமுறைக்கு 1965 என்றால் நினைவுக்கு வருவது படத்தின் காட்சிகள்தான், பாடநூலின் வரிகள் அல்ல. பாடநூல் ஒப்பீடு மட்டும் செய்து 'தாக்கம்' பற்றி எழுதினால் இங்கே சறுக்கிவிடும்.

துருக்கியில் வழி வேறு. 1926இல் 'ராணுவத்துக்குத் தயாராதல்' என்று தொடங்கிய பாடம் பின்னாளில் 'தேசியப் பாதுகாப்பு அறிவு' என்று பெயர் மாறியது. உயர்நிலைப் பள்ளி வகுப்பறைக்குள் பணியிலுள்ள ராணுவ அதிகாரி சீருடையோடு வந்து நடத்துவார். உள்நாட்டுப் 'பகைவர்' யார் என்பதெல்லாம் அந்தப் பாடத்தில் வரும். கல்வி அமைச்சகத்தின் வரலாற்று நூலை மட்டும் ஒப்பிட்டிருந்தால் இது கண்ணில் பட்டே இருக்காது. 2012 ஜனவரியில்தான் நீக்கினார்கள்.

பிரேசில் ராணுவ ஆட்சி இன்னொரு தந்திரம் செய்தது: நேரத்தைப் பிடுங்கியது. 1969இல் 'ஒழுக்கமும் குடிமையும்' பாடத்தைக் கட்டாயமாக்கியது. 1971 கல்விச் சட்டத்துக்குப் பின் கீழ்வகுப்புகளில் வரலாறும் புவியியலும் 'சமூகக் கல்வி'யில் கரைந்தன. எதையும் தணிக்கை செய்யத் தேவையில்லை. கால அட்டவணையில் இடம் இல்லாமல் செய்தால் போதும். பாகிஸ்தானிலும் ஏறக்குறைய இதே கதை. ராணுவ ஆட்சியாளர் அயூப் கான் காலத்தில் வரலாறு சமூகக் கல்விக்குள் போனது, இன்னொரு ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் காலத்தில் 'பாகிஸ்தான் படிப்பு' கல்லூரி வரை கட்டாயமானது. வரலாற்றாசிரியர் கே.கே. அஜீஸ் 66 பாடநூல்களை வரி வரியாகப் பிரித்துப் பிழைகளைப் பட்டியலிட்டு 1993இல் வெளியிட்டார். உங்களைப் போன்ற வேலை செய்பவர்கள் அவருடைய முறையைப் பார்க்க வேண்டும்.

எனவே முதலில் வாராந்தரக் கால அட்டவணையை வாங்குங்கள். எந்தப் பாடத்துக்கு எத்தனை பிரிவேளை என்ற ஒற்றைத் தாள், முன்னுரை பின்னுரைகளைவிட அதிகம் சொல்லும்.

மறுதலை எழுதியது:

ஒரு சின்ன மறுப்பு. அச்சுக்கூடம் சொல்லும் ஐந்து இடங்களில் 'தேர்ந்தெடுத்தல்' என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒப்புதல் கிடைத்தது என்பதற்கும் மாணவர் படித்தார் என்பதற்கும் நடுவில் பெரும் பள்ளம். 2001இல் ஜப்பானில் தேசியவாதக் குழு ஒன்று எழுதிய நடுநிலைப் பள்ளி வரலாற்று நூல் சரிபார்ப்பில் தேறியது, அண்டை நாடுகள் கொதித்தன. ஆனால் பள்ளிகளில் பயன்பட்ட நூல்களில் அதன் பங்கு 0.039 சதவீதம். உலகச் செய்தியாக வந்த நூலை அந்நாட்டு மாணவரில் ஆயிரத்தில் ஒருவர்கூடப் படிக்கவில்லை.

தென்கொரியா இன்னும் சுவாரசியம். ராணுவத்திலிருந்து வந்த அதிபர் பார்க் சுங்-ஹீ 1974இல் பல நூல்களை ஒழித்து ஒரே அரசு வரலாற்று நூலாக்கினார். பிறகு மெல்லமெல்லப் பல நூல் முறை திரும்பியது. அவர் மகள் பார்க் கன்-ஹே அதிபராக இருந்தபோது 2015 அக்டோபரில் மறுபடி ஒரே நூல் என்று அறிவித்தார். எழுதுகிறவர்கள் யார் என்பதையே ஓராண்டுக்கு மேல் மறைத்து வைத்திருந்தார்கள். பெயர்கள் வெளிவந்தபோது சமகாலப் பகுதியை எழுதியவர்களில் ராணுவ அகாதெமிப் பேராசிரியர் ஒருவரும் இருந்தார். 2017இல் இறுதி நூல் வந்தது. முன்னோட்டமாகப் பயன்படுத்த முன்வந்தது நாடு முழுவதிலும் ஒரே ஒரு உயர்நிலைப் பள்ளி. அங்கேயும் பெற்றோரும் மாணவரும் எதிர்த்தார்கள். மே மாதம் புதிய அதிபர் மூன் ஜே-இன் பதவியேற்ற சில நாட்களில் திட்டத்தையே கைவிட உத்தரவிட்டார்.

எழுத்தாளர் பட்டியல், அவர்கள் வேலை பார்க்கும் நிறுவனம், பட்டியல் வெளியான தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியல் தாமதமாக வந்தால் அதுவே ஒரு தரவு.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நன்றி. பெரும்பாலும் இந்தோனேசியாவைத்தான் எடுப்பேன் போலிருக்கிறது. ஒப்பிடும் முறையை யாராவது படிப்படியாகச் சொல்ல முடியுமா? செயப்பாட்டு வினைகளை எண்ணினால் போதும் என்று நினைத்திருந்தேன்.

வரிக்குவரி எழுதியது:

போதாது. செயப்பாட்டு வினையை எண்ணுவதுதான் இத்துறையில் எல்லோரும் முதலில் விழும் குழி. இந்தோனேசிய மொழியில் செயப்பாட்டு வினை அன்றாட நடை. சாதம் சமைக்கப்பட்டது என்பதுபோல எழுதுவது அங்கே இயல்பு. எண்ணிப் பார்த்தால் எல்லா அத்தியாயத்திலும் நிறைய வரும், எதுவும் நிரூபணமாகாது. அதே நூலில், அதே அத்தியாயத்தில், எதிராளி செய்த வன்முறை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எதிராளி கொன்றால் 'அவர்கள் கொன்றார்கள்' என்றும், அரசுப் படை கொன்றால் 'உயிரிழப்புகள் ஏற்பட்டன' என்றும் இருந்தால், அந்த இடைவெளிதான் உங்கள் தரவு.

நடைமுறைக்கு வருவோம். நிகழ்ச்சி ஒன்றை மட்டும் எடுங்கள். முழு நூலையும் ஒப்பிடப் போனால் முடிக்கமாட்டீர்கள். பதிப்பு இரண்டு போதாது. முன், நடு, பின் என்று குறைந்தது மூன்று வேண்டும். இரண்டே இருந்தால், பக்கம் குறைத்ததால் வெட்டியதையும் அரசியலுக்காக வெட்டியதையும் பிரிக்க முடியாது. அந்தப் பதிப்பில் சர்ச்சையே இல்லாத ஒரு பாடம், உதாரணமாகப் பழங்கால வணிகம், எத்தனை சதவீதம் சுருங்கியது என்று பாருங்கள். எல்லாம் ஒரே அளவில் சுருங்கியிருந்தால் அது அச்சுச் செலவு. உங்கள் நிகழ்ச்சி மட்டும் சுருங்கியிருந்தால் பேசலாம்.

பதிப்பாண்டைக் குறிக்கும்போது அட்டையை நம்பாதீர்கள். உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தில் முதற்பதிப்பு ஆண்டும் மறுபதிப்பு ஆண்டும் தனித்தனியே இருக்கும். 'மறுபதிப்பு' என்ற பெயரில் வரிகளைச் சத்தமில்லாமல் மாற்றுவது சாதாரணம். இணையதளத்தில் பிடிஎஃப் கோப்பு என்றால் இன்னும் மோசம்: அதே கோப்புப் பெயரில் புதியதை ஏற்றிவிடுவார்கள். இறக்கிய தேதியைப் பெயரோடு சேர்த்துச் சேமியுங்கள். பழைய அச்சுப் பிரதிகளுக்கு ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரிலுள்ள கெயார்க் எக்கர்ட் நிறுவன நூலகத்தைப் பாருங்கள். பல நாட்டுப் பாடநூல்களைச் சேர்ப்பதே அவர்கள் வேலை.

பிறகு அட்டவணை. ஒரு வரிசைக்கு ஒரு வாக்கியம். பத்திகள் (நெடுவரிசைகள்) ஆறு: செய்தவர், வினை, பாதிக்கப்பட்டவர், எண்ணிக்கை, காரணமாகச் சொன்னது, ஆதாரமாகச் சொன்னது. நூலில் இல்லாததை நீங்களாக நிரப்பக் கூடாது, காலியாகவே விடுங்கள். எந்தப் பத்தியில் காலியிடம் குவிகிறது என்று பார்த்தால் தணிக்கையின் வடிவம் தெரிந்துவிடும். ஒகினாவா விஷயத்தில் முதல் பத்தி காலி. இந்தோனேசியாவில் படுகொலை பற்றிய வரிசைகளே இருக்காது, இருந்தால் மூன்றாவதும் நான்காவதும் காலியாக இருக்கும்.

படங்களின் கீழுள்ள வரிகளையும் அத்தியாயக் கடைசிக் கேள்விகளையும் தனித் தாளில் எடுங்கள். பாட உரையை நடுநிலையாகத் திருத்திவிட்டுப் படவரியை அப்படியே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது, திருத்துபவருக்கு அதுவரை பொறுமை இருப்பதில்லை. பத்தாண்டு பொதுத்தேர்வு வினாத்தாள்களையும் விடைக்குறிப்புகளையும் தேடுங்கள். தேர்வில் வராத பாடத்தை ஆசிரியர் ஓடிக் கடந்துவிடுவார். நூலில் இரண்டு பக்கம் இருந்தும் வகுப்பில் இரண்டு நிமிடம்தான்.

கடைசியாக, வேறொருவரிடம் 50 வாக்கியங்களைக் கொடுத்துத் தனியாக நிரப்பச் சொல்லுங்கள். பத்தில் எட்டு கூட ஒத்துவரவில்லை என்றால் உங்கள் விதிகள் தெளிவாக இல்லை. விதியைத் திருத்தி முதலிலிருந்து செய்வது எரிச்சலான வேலைதான், ஆனால் அதைச் செய்யாமல் விட்ட கட்டுரைகளைத்தான் எதிர்த்தரப்பு முதல் நாளே கிழித்துப் போடுகிறது.

கரும்பலகை எழுதியது:

வகுப்பறைப் பக்கம் ஒரு சொல். ராணுவம் பள்ளிக்குள் வரவே கூடாது என்று எழுதிவிட்டால் எளிது. ஜெர்மனி வேறு வழி பார்த்தது. அங்கே 1958 முதல் 'இளைஞர் அதிகாரிகள்' என்று ராணுவத்தினர் பள்ளிகளுக்கு வந்து பாதுகாப்புக் கொள்கை பேசுகிறார்கள். ஆள்சேர்ப்பு செய்யக் கூடாது என்பது விதி. 1976இல் உருவான பொய்ட்டல்ஸ்பாக் உடன்பாடு மூன்று வரையறைகள் வைத்தது: மாணவரைத் திணறடித்து ஒரு கருத்துக்குள் தள்ளக் கூடாது, அறிவுலகிலும் அரசியலிலும் சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே வர வேண்டும், மாணவர் தன் நிலையையும் நலனையும் தானே ஆராயும் திறன் பெற வேண்டும். இது சட்டமல்ல, ஆனால் அதிகாரி வந்தால் எதிர்க்குரலுக்கும் இடம் வேண்டும் என்று ஆசிரியர் கேட்கும்போது கையில் இருக்கும் ஆயுதம்.

இரண்டாவது வரையறையைச் சோம்பேறித்தனமாகப் பயன்படுத்துவதும் நடக்கிறது. கொலை நடந்ததா என்பது சர்ச்சை அல்ல. ஏன் நடந்தது, யார் பொறுப்பு என்பதில் சர்ச்சை இருக்கலாம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து 'இரு தரப்பும் கேட்போம்' என்றால் ராணுவ மையத்தின் வேலையை ஆசிரியரே இலவசமாகச் செய்து கொடுத்ததாகும்.

புறவாயில் எழுதியது:

ஏட்டுச்சுவடி, இந்தோனேசியா என்றால் பதிப்புகளை இப்படி எடுங்கள்: 1984, 1994, 2004, 2006 பாடத்திட்டங்களுக்கான உயர்நிலைப் பள்ளி நூல்கள். 1994இல் அந்தத் தனிப்பாடம் போய்விட்டது, ஆனால் கதை மாறவில்லை. பாடத்தை நீக்குவதும் உள்ளடக்கத்தை நீக்குவதும் வேறு என்று காட்ட அது உதவும். 2004 பாடத்திட்டத்தில்தான் நிகழ்ச்சியின் பெயரோடு ஒட்டியிருந்த கம்யூனிஸ்ட் கட்சியின் பெயர் கழன்றது. எதிர்ப்பு வந்ததும் 2006இல் பழைய பெயர் திரும்பியது. 2007 மார்ச்சில் அரசுத் தலைமை வழக்கறிஞர் கட்சியின் பெயரை விட்ட பாடநூல்களுக்குத் தடை விதித்தார், சில ஊர்களில் பறிமுதல் செய்து எரித்தார்கள். சுகார்த்தோ போய் ஒன்பது ஆண்டு கழித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் கீழ் நடந்தது இது. நூல்களை அப்படித் தடை செய்யும் அதிகாரத்தை 2010 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. பாடத்தில் இருந்த பெயரை அந்தத் தீர்ப்பு தொடவில்லை.

கூடவே ஒரு சிறு ஒப்பீட்டுக்கு வங்காளதேசத்தைச் சேர்க்கலாம். 1971 விடுதலைப் பிரகடனத்தைச் செய்தவர் அரசியல் தலைவர் ஷேக் முஜீபா, அப்போது ராணுவ மேஜராக இருந்த ஜியாவுர் ரஹ்மானா என்ற ஒரே வரி, ஆட்சி மாற மாறத் திரும்பி எழுதப்பட்டது. 2009இல் உயர் நீதிமன்றம் முஜீப் என்று தீர்ப்பளித்தது. 2025 நூல்களில் ஜியாவின் பெயர் மறுபடி வந்தது. நூல்களை அச்சிட்டு இலவசமாகக் கொடுப்பது ஒரே அரசு வாரியம் என்பதால் மாற்றம் ஒரே ஆண்டில் நாடு முழுக்கப் போய்விடுகிறது. ஜப்பானில் அப்படி முடியாது. வரிக்குவரி சொன்ன அட்டவணையில் 'செய்தவர்' பத்தியை மட்டும் எடுத்து, பக்கத்தில் அச்சான ஆண்டை வைத்தால் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும்.

இந்தோனேசியாவின் 2007 நூல்கள் தேடும்போது பழைய புத்தகக் கடைப் பிரதிகளைக் கவனமாகப் பாருங்கள். தடைக்குப் பிறகு அதே பதிப்பகங்கள் திருத்தி மறுபடி அச்சிட்டிருக்கக்கூடும். அட்டை ஒன்றாகவே இருந்தால் பதிப்புரிமைப் பக்கம் மட்டுமே காட்டிக்கொடுக்கும்.